அடுப்படியை வரைந்த ஓவியர்

காலை மணி ஆறே முக்கால். பங்சாரில் ஓர் அடுக்குமாடி வீடு. வெளியே இன்னும் விடியவில்லை. முன்னறை விளக்கின் கீழ் அமர்ந்து, அம்மா மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருக்கிறார். மகள் பள்ளிச் சீருடையில் நிற்கிறாள். புத்தகப்பை கதவோரம் தயாராக இருக்கிறது. அடுப்படியில் கெத்தில் கொதிக்கும் ஓசை கேட்கிறது.

“ஆடாம நில்லும்மா, பஸ் வந்துரும்.”

“ரிப்பன் ஒரு பக்கம் பெருசா இருக்கும்மா.”

மகளின் கண் அலமாரிக் கண்ணாடியை நோக்கிப் போகிறது. அம்மாவின் கண்ணோ பின்னலை விட்டு நகரவில்லை. இரண்டு நிமிடங்களில் இது முடிந்துவிடும். பேருந்து வரும், மகள் ஓடிவிடுவாள். இக்காட்சியை யாரும் புகைப்படம் எடுப்பதில்லை. நாளையும் இதே காட்சி வரும் என்ற எண்ணத்தில், பார்த்தவர்கூடப் பார்த்ததாக நினைப்பதில்லை.

இதே காட்சியை 1741ஆம் ஆண்டில் ஒருவர் வரைந்து வைத்திருக்கிறார். அவர் பாரிஸ் நகரத்து ஓவியர் ழான் சிமெயோன் ஷார்தேன். அவ்வோவியம் இன்று ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஒரு தாய் குனிந்து தன் சிறுமகளின் தலையணியைச் சரிசெய்கிறாள். இருவரும் தேவாலயத்திற்குப் புறப்படுகிறார்கள். வேண்டுதல் நூல் ஒன்று எடுத்துச் செல்லத் தயாராக வைக்கப்பட்டிருக்கிறது. பின்னால் இருக்கும் கடிகாரத்தின் முள் ஏழு மணியை நெருங்குகிறது. சிறுமி நேராகத்தான் நிற்கிறாள். ஆனால், அவளது கண் மட்டும் மேசைமேல் இருக்கும் கண்ணாடியின் பக்கம் திருட்டுத்தனமாகச் சாய்கிறது. தான் அழகாக இருக்கிறோமா என்று பார்க்க அவளுக்கு ஆசை. தாய்க்கோ நேரமாகிறது. படத்தில் நடப்பது அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஷார்தேன் வாழ்ந்த காலத்தில், இப்படி ஒரு காட்சியை வரைவதே ஓர் ஓவியர் தம் மதிப்பைக் குறைத்துக்கொள்ளும் செயலாகக் கருதப்பட்டது. அதன் காரணத்தை அறிய, அக்கால ஓவிய உலகைச் சற்றே எட்டிப் பார்க்க வேண்டும்.

பிரான்சு நாட்டில் ஓவியர்களையும் சிற்பிகளையும் ஆள்வதற்கு அரசக் கழகம் ஒன்று இருந்தது. அதில் உறுப்பினராகாதவர் பெரிய வாய்ப்புகளை எண்ணிப் பார்க்கவும் முடியாது. அக்கழகத்தைச் சேர்ந்த பெலிபியன் என்பவர் 1667ஆம் ஆண்டில் ஓவியங்களுக்கு ஒரு படிநிலையை எழுதி வைத்தார். சமய வரலாறு, புராணம், போர், மாமன்னர்களின் வெற்றி ஆகியவற்றை வரைபவர் உச்சியில் இருப்பார். மனிதர் முகத்தை வரைபவர் அவருக்கு அடுத்த நிலை. விலங்குகளை வரைபவரும் இயற்கைக் காட்சியை வரைபவரும் அதற்கும் கீழே. பழம், பூ, சிப்பி போன்ற உயிரற்ற பொருள்களை வரைபவருக்குக் கடைசிப் படி. அடுப்படியும் துணி துவைக்கும் தொட்டியும் பெரிய ஓவியத்திற்கு உரிய பொருள்கள் என்று அங்கே யாரும் எண்ணவில்லை.

ஷார்தேன் கடைசிப் படியிலிருந்து தொடங்கியவர். 1699ஆம் ஆண்டில் பாரிசில் பிறந்தார். தந்தை தச்சர், பில்லியர்ட்ஸ் மேசைகள் செய்வதில் பெயர் பெற்றவர். புராணக் கதைகளை வரைவதற்கு வேண்டிய இலத்தீன் கல்வியோ இத்தாலிப் பயணமோ ஷார்தேனுக்குக் கிட்டவில்லை. 1728ஆம் ஆண்டில் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது; ஆனால், விலங்குகளையும் பழங்களையும் வரைவதில் வல்லவர் என்ற அளவில் மட்டுமே ஏற்றுக்கொண்டது. அவரை உள்ளே கொண்டுசென்ற இரண்டு படங்களில் ஒன்று, கொக்கியில் தொங்கும் வயிறு கிழிந்த திருக்கை மீனின் படம். அருகில் ஒரு பூனைக்குட்டி சிப்பிகளின்மேல் நின்று முதுகை வளைக்கிறது. மீன் சந்தையில் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் ஒன்றை அவர் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறார்.

அவர் எப்படி மனிதர்களை வரையத் தொடங்கினார் என்பதற்கு ஒரு கதை வழங்குகிறது. அவருடைய நண்பர் அவேத் மனித முகங்களை வரைபவர். ஒருநாள் ஒரு பெண்மணி தம் உருவத்தை வரையச் சொல்லி அவேத்தை அணுகினார். பேசிய தொகை குறைவென்று அவேத் மறுத்துவிட்டார். அந்தத் தொகையே போதுமே என்றாராம் ஷார்தேன். முகம் வரைவது சாசேஜ் வரைவதுபோல அத்தனை எளிது என்றால் போதும்தான் என்று அவேத் திருப்பிக் கொடுத்தாராம். அந்தச் சொல் ஷார்தேனைச் சுட்டது. 1733ஆம் ஆண்டளவில் அவருடைய படங்களில் மனிதர்கள் தோன்றத் தொடங்கினார்கள். கதை எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால், அவர் தேர்ந்தெடுத்த மனிதர்களைக் கவனியுங்கள். பட்டத்து அரசரையோ படைத்தலைவரையோ அவர் நாடவில்லை. துணி துவைக்கும் பெண், கிழங்கு சீவும் பணிப்பெண், சோப்பு நுரையில் குமிழி ஊதும் இளைஞன், சீட்டுக்கட்டால் வீடு கட்டும் சிறுவன் ஆகியோரே அவருடைய கதைமாந்தர்கள்.

இவற்றுள் பலரும் அறிந்தது ‘உணவுக்கு முன் வேண்டுதல்’ என்னும் ஓவியம். இது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. உலகப் புகழ் பெற்ற படம் என்றவுடன் சுவரளவு பெரியதாக இருக்கும் என்று நாம் கற்பனை செய்துவிடுவோம். இதன் உயரம் ஏறத்தாழ 50 செண்டிமீட்டர். அகலம் 40 செண்டிமீட்டருக்கும் குறைவு. வகுப்பறைச் சுவரில் மாட்டும் மாதக் காட்டியின் அளவு என்று சொல்லலாம்.

சிறிய அறை ஒன்று. சுவரின் நிறம் மங்கலான பழுப்பு. நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேசை. தாய் நின்றபடி உணவு பரிமாறக் குனிந்திருக்கிறாள். மேசைக்கு அப்பால் மூத்த மகள் அமர்ந்திருக்கிறாள். முன்னால், தாழ்வான சிறு நாற்காலியில் கடைக்குட்டி. இரு கைகளையும் குவித்து வேண்டுதல் சொல்கிறது. அந்தக் குழந்தை பாவாடை உடுத்தித் தலையணி அணிந்திருப்பதால் பெண் என்றே நாம் நினைப்போம். அக்காலத்தில் பிரான்சில் சிறுவர்களுக்கும் ஆறேழு வயது வரையில் அப்படித்தான் உடுத்துவார்கள். நாற்காலியில் ஒரு பொம்மை மேளம் தொங்குகிறது. சற்று முன்புவரை தட்டிக்கொண்டிருந்த மேளத்தை, சாப்பாட்டு நேரம் வந்ததும் அம்மா மாட்டி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். தரையில், முன்பக்கத்தில், நெருப்புக் கனல் வைக்கும் அடுப்புச் சட்டி ஒன்று இருக்கிறது.

இனி, மூவரின் பார்வையையும் பின்தொடருங்கள். தாய் குழந்தையைப் பார்க்கிறாள். அக்காளும் குழந்தையைப் பார்க்கிறாள். குழந்தை அம்மாவை நிமிர்ந்து பார்க்கிறது. சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல. ஒருவரும் நம்மைப் பார்க்கவில்லை. நாம் வாசலில் வந்து நின்றதை அவ்வீட்டார் இன்னும் கவனிக்கவில்லை. பரிமாறும் கை நின்றிருக்கிறது. வேண்டுதலின் கடைசிச் சொல் வாயிலிருந்து வரும் வரையில் அந்த அறையில் எல்லாம் காத்திருக்கின்றன. உணவு ஆறிக்கொண்டிருக்கும் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். சிறுவனுக்கும் நன்றாகவே தெரியும்.

இந்த நகைச்சுவையை அக்காலத்தவரும் கண்டுகொண்டார்கள். 1744ஆம் ஆண்டில் லெபிசியே என்பவர் இவ்வோவியத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சுப் படமாக வெளியிட்டார். படத்தின் அடியில் சில கவிதை வரிகளையும் சேர்த்தார். வேண்டுதலில் தடுமாறும் தம்பியைப் பார்த்து அக்காள் கள்ளச் சிரிப்புச் சிரிக்கிறாள் என்பதும், அவனோ பசியின் காரணமாக வேண்டுதலை விரைந்து முடிக்கப் பார்க்கிறான் என்பதும் அவ்வரிகளின் பொருள். பொங்கலன்று சாமி கும்பிட்டு முடியும் வரையில் வடையைப் பார்த்தபடி நின்றவர்கள், இந்தச் சிறுவனோடு உடனே நட்பாகிவிடுவார்கள்.

ஆனால், சிரிப்பு இப்படத்தின் மேற்பரப்பு மட்டுமே. இவ்வோவியம் 1740ஆம் ஆண்டில் பாரிசுப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. லூவர் அரண்மனையில் நடந்த அக்கண்காட்சியைச் சலோன் என்று அழைத்தார்கள். அந்த ஆண்டு ஐரோப்பாவில் கடுங்குளிர் வாட்டியது; விளைச்சல் கெட்டது; பாரிசில் ரொட்டியின் விலை ஏறியது. அத்தகைய காலத்தில் மேசையில் ஆவி பறக்கும் உணவு இருப்பதும், அதன் முன் ஒரு குழந்தை கைகுவித்து அமர்ந்திருப்பதும் வெறும் அலங்காரம் ஆகா. சாப்பாடு கிடைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அன்று அந்நகரத்தாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லாத ஒன்று.

அதே ஆண்டு நவம்பரில் ஷார்தேன் வெர்சாய் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மன்னர் பதினைந்தாம் லூயியிடம் இரண்டு படங்களைக் காணிக்கையாக அளித்தார். ஒன்று இது, மற்றொன்று மகளுக்குத் தையல் வேலையின் பிழையைச் சுட்டிக்காட்டும் தாயின் படம். பொன்னும் பளிங்கும் இழைத்த அரண்மனைக்குள் ஓர் அடுப்புச் சட்டியும் வெள்ளை மேசைத்துணியும் நுழைந்தன. மன்னர் அப்படங்களை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று யார் அறிவார்? அவர் வீட்டில் உணவு பரிமாறுவதற்கென்றே தனி அதிகாரிகள் இருந்தார்கள்.

இங்கே ஷார்தேனின் சொந்த வாழ்க்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1731ஆம் ஆண்டில் அவர் மார்கரித் என்னும் பெண்ணை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். திருமணமாகி நான்கே ஆண்டுகளில், 1735இல், மனைவி இறந்தார். சிறுமகளும் நெடுநாள் வாழவில்லை. 1744ஆம் ஆண்டில் அவர் மறுமணம் செய்துகொள்ளும் வரையில் அந்த வீட்டில் தாய் இல்லை. உணவு பரிமாறும் தாயையும், மகளின் தலையணியைச் சரிசெய்யும் தாயையும் அவர் வரைந்தது இந்த ஆண்டுகளில்தான். அவர் தம் வீட்டைத்தான் வரைந்தார் என்று சொல்லிவிட முடியாது. அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. எனினும், 1740இல் அவருடைய மகனுக்கு வயது எட்டு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு அப்படங்களை முன்போலப் பார்ப்பது எனக்குக் கடினமாகவே இருக்கிறது.

ஷார்தேன் மெதுவாக வேலை செய்பவர். வரையும் பொருள் கண்முன் இருந்தால்தான் அவரால் வரைய முடியும். மற்றவர்கள் பத்துப் படம் முடிக்கும் நேரத்தில் அவர் ஒன்றை முடிப்பார். மக்கள் விரும்பிக் கேட்ட படங்களைத் தாமே மீண்டும் வரைந்து கொடுத்தார். ‘உணவுக்கு முன் வேண்டுதல்’ படத்தின் இன்னொரு பிரதி, 1744 என்று ஆண்டு குறிக்கப்பட்டு, ரஷ்யாவின் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவருடைய வெள்ளை நிறம் வெறும் வெள்ளை அன்று. மேசைத்துணியை அருகில் சென்று பார்த்தால் சாம்பல், நீலம், மஞ்சள் சாயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடர்ந்திருக்கும். இரண்டடி பின்னே வந்தால் அவை கஞ்சி போட்ட துணியாகிவிடும். அக்காலத்தின் பெரும் எழுத்தாளர் திதரோ இந்த வித்தையைக் கண்டு வியந்து பல பக்கங்கள் எழுதினார்.

வீட்டு வேலை செய்யும் பெண்களை அவர் வரைந்த விதம் தனியே கவனிக்கத்தக்கது. 1739ஆம் ஆண்டின் ஒரு படத்தில், பணிப்பெண் ஒருத்தி சந்தையிலிருந்து திரும்பி வந்திருக்கிறாள். இரண்டு பெரிய ரொட்டிகள் அலமாரியின்மேல் இருக்கின்றன. இறைச்சி கட்டிய துணிப்பை இன்னும் அவள் கையில் தொங்குகிறது. ஒரு கையை அலமாரியின்மேல் ஊன்றி, சுமையை இறக்கியும் இறக்காமலும் ஒரு கணம் சாய்ந்து நிற்கிறாள். பின்னால் வாசலருகே இன்னொரு பெண் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இரவு பங்சார் பாசார் மாலாமிலிருந்து இரு கையிலும் பைகளோடு மாடியேறி வந்தவர், கதவைத் திறந்ததும் சுவரில் ஒரு கணம் சாய்வாரே, அதே நிலை. வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதி அதில் இல்லை. இனிமேல்தான் சமையல் தொடங்க வேண்டும்.

ஷார்தேனுக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில், ஹாலந்து நாட்டு ஓவியர்கள் வீட்டுக்காட்சிகளை வரைந்தார்கள். அவர்களுள் பலர் பணிப்பெண்களைக் குடிப்பவர்களாகவும் தூங்கிவழிபவர்களாகவும் காட்டி நகைப்பூட்டினார்கள். ஷார்தேன் அப்பெண்களைக் கேலி செய்யவில்லை, பரிதாபத்திற்குரியவர்களாகவும் ஆக்கவில்லை. முதலாளி வீட்டுப் பெண்மணிக்குத் தரும் அதே ஒளியைப் பாத்திரம் துலக்குபவளுக்கும் தந்தார். பங்சாரின் பெரிய வீடுகள் பலவற்றில் இன்றும் பணிப்பெண்கள் வேலை செய்கிறார்கள்; அவர்களுள் பலர் தம் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களின் முகத்தை நாம் எத்தனை முறை நின்று பார்த்திருக்கிறோம் என்னும் கேள்வி, இப்படத்தின் முன் நிற்கும்போது எழாமல் இராது.

மாணவர்களுக்குப் பிடிக்கக்கூடிய இன்னொரு படம் கனடாவின் ஒட்டாவா நகரில் உள்ளது. பள்ளிக்குப் புறப்படும் சிறுவன் புத்தகங்களை அக்குளில் இடுக்கியபடி தலைகுனிந்து நிற்கிறான். அவனைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியை, அவனது தொப்பியைத் தூரிகையால் துடைத்தபடியே அறிவுரை சொல்கிறாள். தரையில் சீட்டுகளும் பந்து மட்டையும் சிதறிக் கிடக்கின்றன. கைப்பேசியைத் தவிர இந்தப் படத்தில் வேறொன்றும் மாற்றத் தேவையில்லை.

நம்மவர் வீடுகளை இப்படி யாரேனும் வரைந்தார்களா என்று கேட்கத் தோன்றும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் தஞ்சாவூர் ஓவியர்கள், ஆங்கிலேயர்கள் வாங்குவதற்காகத் தொழிலாளர் படங்களை வரைந்தார்கள். குயவரும் அவர் மனைவியும், நெசவாளரும் அவர் மனைவியும் எனச் சோடி சோடியாக நிற்பார்கள். கையில் தொழிற்கருவி இருக்கும். ஆனால், அவர்களைச் சுற்றி வீடு இருக்காது. மாதிரிப் பொருள்கள்போலக் காட்டப்பட்டார்களே அன்றி, வாழ்பவர்களாக அல்ல. 1893ஆம் ஆண்டில் ராஜா ரவிவர்மா, தந்தையின் வருகையைக் கைக்குழந்தைக்குக் காட்டும் தாயை வரைந்தார். அழகான படம்தான்; எனினும், அது வசதி மிக்க வீடு. உடையின் மடிப்பு ஒவ்வொன்றும் நம்மை வரவேற்கக் காத்திருப்பதுபோல் தோன்றும்.

பிரெஞ்சு வழியில் நேராகப் பயின்று நம் மண்ணின் வீட்டுக்குள் நுழைந்தவர் அம்ரிதா ஷெர்கில். 1913ஆம் ஆண்டில் புடாபெஸ்டில் பிறந்தவர். பாரிசின் கலைக் கல்லூரியில் கற்று, 1934ஆம் ஆண்டில் இந்தியா திரும்பினார். தென்னிந்தியப் பயணத்தின் பயனாக 1937ஆம் ஆண்டில் மூன்று பெரிய ஓவியங்களைத் தீட்டினார். அவற்றுள் ஒன்று மணப்பெண்ணுக்குத் தலைவாரி அலங்கரிக்கும் காட்சி. நகையொலியோ மேளமோ அங்கு இல்லை. அப்பெண்கள் பேசாமல் அமர்ந்திருக்கிறார்கள். ஷார்தேனின் தலையணிப் படத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் தலையை இன்னொருவர் கை தொடும்போது உண்டாகும் அமைதி இரண்டிலும் ஒன்றே. ஆனால், ஷெர்கிலின் மணப்பெண் கண்ணாடியைத் தேடவில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய ஒருவர் உண்டு. ஜொகூரில் 1936ஆம் ஆண்டில் பிறந்த சியா யூ சியான், பிரெஞ்சு அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்று 1959ஆம் ஆண்டில் பாரிசுக்குச் சென்றார். அங்கே தங்கி, தொடர்ந்து வரைந்தார். தாயகம் திரும்பி, கோலாலம்பூரில் வாழ்ந்தபோது அவர் தேடிச் சென்றவை கோபுரங்கள் அல்ல. தெருவோரக் கடைகள், மருத்துவமனை வார்டுகள், மருந்துக்காகக் காத்திருக்கும் சாதாரண மக்கள் ஆகியவையே. மருத்துவமனைக் காட்சிகளை மட்டும் ஒரு வரிசையாகவே தீட்டினார். நோயாளியின் கட்டிலருகே உறவினர் அமர்ந்திருப்பதைவிட அமைதியான காட்சி வேறென்ன இருக்க முடியும்? அவருடைய படங்களை 2019ஆம் ஆண்டில் கோலாலம்பூர் இல்ஹாம் கலைக்கூடம் பெரிய கண்காட்சியாகத் திரட்டியது. ‘தனி வாழ்வுகள்’ என்பது அக்கண்காட்சிப் பெயரின் பொருள்.

இனி, தொடங்கிய இடத்திற்கே திரும்புவோம். பங்சார் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை நடத்திய பங்கே-கிரிசார் என்னும் ஐரோப்பியர் இருவரின் பெயர்களே சுருங்கிப் பங்சார் ஆயிற்று என்பர். இன்று காப்பிக் கடைகளும் வங்கிகளும் நிற்கும் மேட்டு நிலத்தில் அன்று பால்மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. அத்தகைய தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்களுடைய வீடுகள் லயங்கள் எனப்பட்டன. ஒரே கூரையின் கீழ் நீண்ட வரிசை, குடும்பத்திற்கு ஓரிரு அறைகள், முன்னால் அஞ்சடி, பின்னால் அடுப்படி. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். எனவே, தாய்மார்கள் நான்கு மணிக்கெல்லாம் எழுந்து விறகடுப்பை மூட்டினார்கள். மண்ணெண்ணெய் விளக்கொளியில் சோறு வடித்து, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டு ஆயாக் கொட்டகையில் விட்டு, பால் வாளியோடு காட்டுக்குள் நடந்தார்கள்.

அந்தக் காலை நான்கு மணியை வரைந்த ஓவியம் ஒன்றையேனும் நான் கண்டதில்லை. புகைப்படம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருப்பவற்றுள் மிகுதியானவை, தோட்ட நிர்வாகம் எடுத்த ஆலை, மரம், துரை பங்களா ஆகியவற்றின் படங்கள். தொழிலாளர் குடும்பங்கள் சேர்த்து வைத்தவை, பட்டணத்துப் படக்கடைக்குச் சென்று, திரைச்சீலை முன் விறைப்பாக நின்று எடுத்தவை. இரவல் வாங்கிய கைக்கடிகாரம் அப்பாவின் கையில் இருக்கும். பாட்டியின் சேலை பெட்டியிலிருந்து எடுத்த மடிப்போடு இருக்கும். அது பொய் அன்று. தாங்கள் எப்படி நினைக்கப்பட வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்களோ, அதுவே அப்படம். ஆனால், அடுப்பு ஊதி ஊதிக் கலங்கிய கண்ணும், பிள்ளைக்குச் சோற்றை ஆற்றிக்கொடுத்த விரலும் அதில் வரவில்லை. அடுப்படியில் வெளிச்சம் குறைவு. அன்றைய படப்பெட்டிக்கு அது போதாது. வெளிச்சம் இருந்திருந்தாலும், அங்கே படமெடுக்க என்ன இருக்கிறது என்று பாட்டியே கேட்டிருப்பார்.

பெலிபியன் எழுதி வைத்த படிநிலை பாரிசோடு நின்றுவிடவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். எது பார்க்கத் தகுந்தது, எது தகாதது என்னும் பட்டியல் ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்படாமல் இருக்கிறது. திருமணம், பட்டமளிப்பு, பிறந்தநாள் மேல்படியில் உள்ளன. கைப்பேசியில் ஆயிரம் படம் வைத்திருப்பவரிடமும், அம்மா பரிமாறும் படம் ஒன்று கேட்டால் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். படத்தை எடுத்துக்கொண்டிருந்தவரே அம்மாவாக இருந்தால், அதிலும் அவர் இல்லை.

ஷார்தேனுக்கு முதுமையில் கண்பார்வை குன்றியது. எண்ணெய் வண்ணம் ஒத்துக்கொள்ளாததால், வண்ணக் கட்டிகளைக் கொண்டு காகிதத்தில் வரைந்தார். தம் முகத்தையே, மூக்குக் கண்ணாடியும் தலையில் கட்டிய துணியுமாக, ஒளிவுமறைவின்றி வரைந்து வைத்தார். 1779ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். அதன்பின் உலகம் அவரை நெடுங்காலம் மறந்திருந்தது. அடுத்த நூற்றாண்டின் நடுவில்தான் மீண்டும் தேடத் தொடங்கியது. 2022ஆம் ஆண்டில் அவருடைய சிறு படம் ஒன்று பாரிசில் ஏலத்திற்கு வந்து, 24.4 மில்லியன் யூரோவுக்கு விலைபோனது. பிரெஞ்சு அரசு அதை நாட்டைவிட்டு வெளியே விடவில்லை. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, 2024ஆம் ஆண்டில் லூவர் அருங்காட்சியகம் அதை வாங்கிக்கொண்டது. அப்படத்தில் இருப்பவை ஒரு கூடைக் காட்டு ஸ்ட்ராபெரிப் பழங்களும் ஒரு குவளைத் தண்ணீரும் இரண்டு வெள்ளைப் பூக்களும் இன்னும் சில பழங்களுமே. பெலிபியனின் கணக்கில் அது கடைசிப் படி.

உங்கள் வீட்டில் நாளைக் காலை ஆறே முக்கால் மணிக்கு நடப்பதை இருபது வரிகளில் எழுதிப் பாருங்கள். யார் நிற்கிறார், யார் அமர்ந்திருக்கிறார், யார் யாரைப் பார்க்கிறார், வெளிச்சம் எப்பக்கமிருந்து வருகிறது என்பவற்றை மட்டும் எழுதுங்கள். ‘அன்பு’, ‘தியாகம்’ போன்ற சொற்கள் வேண்டா. ஷார்தேனிடமும் அவை இல்லை. கடிகாரம், சீப்பு, கெத்தில், பாதி குடித்த மைலோ ஆகியவை விடுபடாமல் இருக்கட்டும்.